பக்கத்தில் என்ன நிறம்?

வெள்ளவத்தையில் சாறிச் சட்டை தைக்கத் தொடங்கிய புதிதில் ஒரு அக்கா கடும்பச்சைப் பட்டுச் சாறி கொண்டுவந்தார். சாம்பல் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த நாளே திரும்பி வந்தார்.

"தங்கச்சி, நான் சாம்பல் நிறமெல்லோ கேட்டனான்? இது ரோஸ் அடிக்குது."

சட்டையைத் தனியே விரித்தேன், சாம்பல்தான். பச்சைச் சாறியின் மேல் வைத்தேன். மெல்லிய ரோஸ் படர்ந்தது. அக்கா சொன்னது சரி.

பாரிஸின் கோபலின் நெசவாலையில் கறுப்பு நூல் மங்கித் தெரிகிறதென்று முறைப்பாடு வந்தபோது, இரசாயனவியலாளர் செவ்ரோல் சாயத்தில் குறை காணவில்லை. அயல் நிறங்களே காரணம் என்று கண்டு, 1839இல் நூலாக எழுதினார். பச்சையைப் பார்க்கும் கண், அதன் எதிர் நிறமான சிவப்பின் சாயலைப் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏற்றிவிடுகிறது.

எதிர் நிறங்களைக் கண்டுகொள்ளத்தான் நிறவட்டம். மட்டையில் வட்டம் வரைந்து வெட்டுத்துண்டுகளை ஒட்டினேன். சிவப்பு, மஞ்சள், நீலம் சம தூரத்தில். இடையில் செம்மஞ்சள், பச்சை, ஊதா. அவற்றுக்கு நடுவே இன்னும் ஆறு. மொத்தம் 12. இன்றும் தையல் மெஷினுக்கு மேலே தொங்குகிறது.

அதில் நான் கற்றவை:

எதிர் நிறங்களைச் சம அளவில் போடாதீர்கள். அரக்குக் காஞ்சிபுரத்தில் பச்சை, கரையளவில்தான் நிற்கிறது. நடுவில் ஓடும் சரிகை இரண்டையும் மோதவிடாமல் பிரிக்கிறது.

நீலம், நீலப்பச்சை, பச்சை என அடுத்தடுத்த நிறங்கள் எடுத்தால், ஒன்று வெளிறியும் ஒன்று கடுமையாகவும் இருக்கட்டும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்தால் வேறு துணி தேடுங்கள்.

சாறியைக் கையோடு கொண்டுபோங்கள். காலி வீதிக் கடைக்குள் லைற் வெளிச்சத்தில் முடிவெடுக்காமல், கேட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பின்னேர வெயில் மஞ்சளடிக்கும், முற்பகல் நல்லது.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள் நான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய கொச்சிக்கடைச் சிவன் கோயிலில், தூணோரம் நிற்கும் எந்தச் சாறியும் எடுப்பாகத் தெரியும். நிறமற்ற கல், எல்லா நிறத்துக்கும் இடம் விடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. இப்போது யார் சாறி கொண்டுவந்தாலும், என் மேசையில் முதலில் சாம்பல் துணி விரிகிறது. அதன்மேல் சாறியின் சொந்த நிறத்தைப் பார்த்த பிறகுதான் சட்டைத்துணி எடுக்கிறேன்.