கந்தளாய்க் குளமும் குளத் திருப்பணி நிதியும்

சைவ மக்கள் கோயிலையும் குளத்தையும் ஒரே மூச்சிற் சொல்லிப் பழகியவர்கள். ஆயினும் திருப்பணி என்றவுடன் கோபுரமும் மண்டபமும் வர்ணப்பூச்சும் நினைவுக்கு வருகின்றனவே தவிரக் குளக்கட்டு வருவதில்லை. கோபுரத்துக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் ஊர்கள் பல. குளத்துக்கு அச்சடிக்கும் ஊர்கள் மிகச் சில.

கந்தளாயின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும் மரபின்படி, திருக்கோணேஸ்வரத்தைத் திருப்பணி செய்த குளக்கோட்ட மன்னனே ஆடகசவுந்தரியுடன் சேர்ந்து கந்தளாய்க் குளத்தையும் கட்டுவித்தான். குளமும் கோட்டமும் அமைத்தமையாலேயே அவனுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று என்பர். சூளவம்சத்தை ஆதாரமாகக் கொள்வோர் இக்குளத்தை ஏழாம் நூற்றாண்டளவில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாகக் கொள்வர். யார் கட்டியிருப்பினும், கோயிலின் பூசை வயலில் தங்கியிருந்தது, வயல் குளத்தில் தங்கியிருந்தது என்பதை அம்மரபு தெளிவாக உணர்த்துகின்றது. ஆதிகோணநாயகர் எழுந்தருளியிருக்கும் தம்பலகாமத்து வயல்கள் இன்றும் கந்தளாய் நீரையே குடிக்கின்றன. திருகோணமலை நகர மக்களின் குடிநீரும் இக்குளத்து நீரே.

குளத்தில் மண் வெட்டுவது இறைபணியாகுமா என்று ஐயுறுவோர் பெரியபுராணத்துத் தண்டியடிகளை நினைக்கலாம். பிறவியிலேயே கண்பார்வை இல்லாத அவர், திருவாரூர்க் கோயிற் குளம் தூர்ந்து சுருங்கியதைக் கண்டு, குளத்துள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தார். அறுபத்துமூவர் வரிசையில் அவர் இடம்பெற்றது இத்தொண்டினாலேயாகும்.

குளத்தைக் கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதைக் கந்தளாய் மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில், ஊர் உறங்கிக்கொண்டிருக்க, கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 127 பேர் உயிரிழந்தனர். 1,600க்கும் மேற்பட்ட வீடுகளும் சுமார் 2,000 ஏக்கர் வயலும் அழிந்தன. கட்டு தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட பாரவாகனங்கள் அதன்மீது ஓடியமை ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று அந்த வெள்ளம் பிரித்துப் பார்க்கவில்லை.

மண்கட்டு ஒரே நாளில் பலவீனமடைவதில்லை. கட்டில் முளைத்த மரம் பட்டுப்போனால் அதன் வேர் உக்கி, வேர் இருந்த இடம் ஒரு குழாயாகிவிடும். எலி வளையும் கறையான் புற்றும் அவ்வாறே. அந்த வழியே நீர் கசியத் தொடங்குகிறது. தெளிந்த நீர் சிறிதாகக் கசிவது பெரும்பாலும் உடனடி ஆபத்தன்று. ஆயினும் அளவு கூடுகிறதா என்று பார்த்துவர வேண்டும். கசியும் நீர் கலங்கி வருமாயின், கட்டின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். அதைக் கண்டவர் அக்கணமே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். துருசடியில் புல் அடைத்தலும், வான் பாயும் வழியில் குடிசை போடுதலும், அலைகரையில் கற்கள் பெயர்ந்து கிடத்தலும் இத்தகைய ஆபத்துகளே. இவற்றைச் சீர்செய்யப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் வேண்டும். அங்கேதான் நமது நிதிசேகரிப்புகள் பிழைத்துப் போகின்றன.

முன்னோர் இதை எவ்வாறு செய்தனர்? தமிழகத்து உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை மூலம் தெரியப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. அறுவர் அதில் இருந்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவரது உறவினரும் மீண்டும் குடவோலைக்குப் பெயர் இடப்படக் கூடாது என்பது விதி. உறவினரையும் விலக்கியமை கடுமையாகத் தோன்றலாம். பொதுப்பணத்தோடு பழகியவர்களுக்கு அதன் நியாயம் விளங்கும். அக்கால அடியார்கள் பொன்னைச் சபையாரிடம் ஒப்படைத்து, முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் மண் எடுக்கச் செய்தனர். ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலமும் ஒதுக்கினர்.

இவ்வழக்கம் கந்தளாய்க்குப் புதிதன்று. கந்தளாய்க்கு அருகேயுள்ள பளமோட்டையிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, முதலாம் விஜயபாகு மன்னனின் 42ஆம் ஆட்சியாண்டுக்குரியது. பிராமணப் பெண் ஒருத்தி தன் கணவனின் நினைவாகத் தென்கைலாசம் எனப்பட்ட சிவன் கோயிலுக்கு நிவந்தம் அளித்து, அதனை வேளைக்காரர் காவலில் வைத்தாள். ஒருநாட் பூசைக்கு அவள் கொடுக்கவில்லை. தான் இறந்த பின்பும் நடக்கக் கொடுத்தாள். குளத்துக்குச் சேர்க்கும் பணமும் அவ்வாறு வைப்பிலிடப்பட வேண்டிய பணமே.

இக்காலத்திலும் பொதுமக்கள் பணத்தால் குளம் மீண்டதுண்டு. 2018இல் கஜா புயல் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தாக்கிய பின்னர், பேராவூரணி இளைஞரும் விவசாயிகளும் ஒன்றுகூடி, 2019இல் 564 ஏக்கர் பரப்புள்ள தமது பெரியகுளத்தைத் தூர்வாரினர்.

நம் நாட்டில் இதற்குச் சட்ட ஒழுங்கு உண்டு. கந்தளாய் போன்ற பெருங்குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது; அதன் கட்டில் அனுமதியின்றி ஒரு மண்வெட்டி மண்ணும் எடுத்தல் ஆகாது. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளன. அங்கே பதிவுபெற்ற கமக்காரர் அமைப்பு ஊடாக ஊரவர் வேலை செய்யலாம். ஆகவே கோயிற் சபை தனியே இறங்காமல், கமக்காரர் அமைப்புடன் கூட்டாக வங்கிக் கணக்குத் திறந்து, பள்ளிவாசலாரையும் விகாரையாரையும் சேர்த்துக்கொள்வதே முறை. நீர் எல்லோருக்கும் பாய்கிறது.

பணம் கேட்பதற்கும் காலமுண்டு. பெரும்போக அறுவடை முடிந்து களத்தில் நெல் கிடக்கும்போது, ஏக்கருக்கு ஒரு மரைக்கால் நெல் தரக் கமக்காரர் முகஞ்சுழிக்கமாட்டார். வயல் இல்லாத வீடுகளுக்குப் பிடியரிசிப் பெட்டி இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் உபயம் கேட்பவர்கள், ஒரு திருவிழா உபயத்தோடு குளத்துக்கும் ஒரு பங்கு கேட்கலாம். வரவு செலவை ஆண்டு மலரிலும் கோயில் வாசற் பலகையிலும் எழுதிப் போட வேண்டும். வேலை தொடங்க ஏற்ற காலம் நீர் வற்றும் ஆவணி, புரட்டாதி மாதங்களாகும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால், அடுத்த ஆவணி வரை தூர் எடுக்க வழியில்லை.