விறகை நிறுத்துப் பார், பிள்ளை

கரவெட்டி,
ஆனி மாதம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. மொறட்டுவையில் நாலு வருடம் படித்து, இரசாயன, செயன்முறைப் பொறியியலில் பட்டம் எடுத்துவிட்டாய். அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுத்தான் கடிதத்தை இரண்டாந்தரம் வாசித்தேன். அவர் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார்.

முதுமாணிக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். ஒன்று பெயர்பெற்ற பல்கலைக்கழகம். ஒரு வருடப் படிப்பு. கட்டணத்துக்குக் காணி ஈடுவைக்க வேண்டிவரும். மற்றது ஊரில் ஒருவருக்கும் பெயர் தெரியாத இடம், இரண்டு வருட ஆய்வு, உதவித்தொகையும் தருகிறார்கள். எதை எடுப்பது என்று கேட்கிறாய். என் விடையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உன்னோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட விரும்புகிறேன்.

நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது, எங்கள் வளவுப் பனைகளைச் சீவுகிறவர் காலையில் கருப்பநீர் கொண்டுவந்து ஊற்றுவார். அம்மம்மா பெரிய தாச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு மத்தியானம் வரை அதன் பக்கத்திலேயே நிற்பார். பாகு பதம் வந்ததும் குட்டான்களில் வார்ப்பார். நீ தாச்சியைச் சுரண்டித் தின்னக் காத்திருப்பாய். அந்த அடுப்படிதான் நீ கண்ட முதல் ஆலை.

கருப்பநீரில் சீனி நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான். ஒரு கிலோ பனங்கட்டிக்கு எட்டொன்பது லீற்றர் கருப்பநீர் வேண்டும். அதில் ஏழெட்டு லீற்றர் தண்ணீரை ஆவியாக்கித் துரத்த வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு கிலோவை ஆவியாக்க ஏறத்தாழ 2260 கிலோயூல் வெப்பம் செலவாகும். மூன்று கல் வைத்த திறந்த அடுப்போ விறகின் வெப்பத்தில் பெரும்பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோ பனங்கட்டிக்கு எட்டுப் பத்துக் கிலோ விறகு எரிகிறது. பனங்கட்டி விலையில் பாதி விறகின் விலை என்று அம்மம்மா சொல்லுவார். அவர் கணக்குப் படித்தவர் அல்ல, அடுப்பைப் படித்தவர்.

உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, இடையில் தங்கியது எவ்வளவு என்பதுதான் உன் துறையின் அடித்தளம். முதல் வருடத்தில் திணிவுச் சமநிலை, சக்திச் சமநிலை என்று படித்திருப்பாய். மேற்படிப்பில் கணினி உனக்குப் பத்துத் தசமதானத்துக்கு விடை தரும். அதை நம்ப முன் ஒரு தாளில் கையால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார். இரண்டும் கிட்டவாக வராவிட்டால் கணினியைச் சந்தேகி.

இனி அந்த ஆவியைப் பார். கூரைக்குப் போன ஆவியோடு விறகின் வெப்பமும் போய்விட்டது. இதைக் கண்டு சும்மா இருக்க முடியாத ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். நோபர்ட் ரில்லியூ என்று பெயர். நியூ ஓர்லியன்ஸில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்து, பாரிஸில் படித்தவர். அவருடைய ஊர்ச் சீனி ஆலைகளில் அடிமைகள் கொதிக்கும் கரும்புச் சாற்றை அகப்பையால் அள்ளிப் பாத்திரம் பாத்திரமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாத்திரத்தில் எழும் ஆவியைப் பிடித்து, அமுக்கம் குறைந்த அடுத்த பாத்திரத்தைக் கொதிக்கவைக்கலாம் என்று அவர் காட்டினார். 1843இலும் 1846இலும் காப்புரிமை பெற்றார். ஒரே வெப்பம் இரண்டு தரம், மூன்று தரம் உழைத்தது. இன்றைக்கும் உலகத்துச் சீனி ஆலைகள் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஊரில் கண்ட கேள்வியையும் பாரிஸில் கற்ற நீராவிக் கல்வியையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார். மேற்படிப்பு என்று நான் விளங்கிக்கொண்டிருப்பது அதைத்தான்.

தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் எடுக்கவும் ஒரு வழி உண்டு. கனடாவில் எங்கள் ஊர்ச் சனம் எத்தனை பேர்! அங்கே மேப்பிள் மரத்தில் இறக்கும் சாற்றில் சீனி நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும். ஒரு லீற்றர் பாகுக்கு நாற்பது லீற்றர் சாறு. 1970கள் தொட்டு அவர்கள் அதை முதலில், தண்ணீரை விட்டுச் சீனியை மறிக்கும் ஆர்.ஓ. சவ்வினூடாகத் தள்ளிப் பாதிக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்காமலே எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் காய்ச்சுகிறார்கள். கருப்பநீருக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று உடனே கேட்பாய். புளிக்காமல் இருக்க எங்கள் முட்டிகளுக்குள் சுண்ணாம்பு பூசுகிறோமே, அந்தச் சுண்ணாம்பு சவ்வில் படியும். அதை முன்கூட்டியே எப்படி எடுப்பது? எடுத்தால் பனங்கட்டியின் மணமும் நிறமும் நிற்குமா? ஒரு சங்கம் வாங்கக்கூடிய விலைக்குள் அது அடங்குமா? இதைத்தான் நீ ஆய வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆய்வுக்குரிய கேள்வி எப்படி இருக்கும் என்று காட்டவே சொன்னேன். அது கையால் தொடக்கூடியதாக இருக்கும். உள்ளே போகப் போக ஆழம் தெரியும். விடை வந்தால் யாரோ ஒருவருடைய அடுப்படியில் மாற்றம் வரும்.

அந்தச் சவ்வு பிறந்த கதையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிட்னி லோப் இரசாயனப் பொறியியல் படித்து, தொழில்துறையில் பல வருடம் வேலை செய்து, நாற்பது வயதளவில்தான் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு முதுமாணி படிக்கப் போனார். அங்கே இந்தியாவிலிருந்து வந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனோடு சேர்ந்து வேலை செய்தார். ஒரு சவ்வை ஒரு பக்கமாக வைத்தால் உப்பு நன்றாகத் தடுக்கப்பட்டது. மறுபக்கமாகத் திருப்பி வைத்தால் முடிவு கெட்டது. பிழையான அளவீடு என்று அவர்கள் அதை வீசவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்று கண்டு, அந்த வேறுபாட்டை வேண்டுமென்றே உண்டாக்கும் வழியைத் தேடினார்கள். மெல்லிய இறுக்கமான தோலும் அதன் கீழ் தளர்ந்த உடலும் கொண்ட சவ்வு அப்படித்தான் வந்தது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊர்ச் சனம் அதனால் சுத்தமாக்கிய தண்ணீரைக் குடித்தார்கள்.

இதை நான் எழுதும்போது என் நெஞ்சில் ஒரு பாரம் இருக்கிறது. முதுமாணிக்கு நான் உலர்த்தல் பற்றி ஆய்வு செய்தேன். சில நாட்களின் அளவீடுகள் மற்ற நாட்களோடு ஒத்துவரவில்லை. கருவிப் பிழை என்று சிவப்பு மையால் வெட்டிவிட்டேன். ஆய்வேடு கொடுத்து ஒரு வருடம் போனபிறகு பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விளங்கியது: வெட்டப்பட்டவை எல்லாம் மழைநாட்கள். காற்றின் ஈரப்பதனை நான் அளக்கவே இல்லை. என் ஆய்வில் சொல்லத் தகுந்த ஒரே விசயம் அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு அடியில் கிடந்தது. பிள்ளை, நீ ஒரு எண்ணையும் வெட்டாதே. பக்கத்தில் திகதியையும் நேரத்தையும் வானத்தையும் எழுதிவை. பொருந்தாத எண் வந்தால் அன்றைக்கு உனக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டாவது இடத்தை எடு. காணியை ஈடுவைத்துப் படிக்கிற பிள்ளை கேள்வியைத் தேடமாட்டாள். கடனைத் தீர்க்கும் வேலையைத்தான் தேடுவாள். அது அவளுடைய குற்றமும் அல்ல. ஒரு வருடம் விரிவுரை கேட்டுப் பெறும் பட்டம் வேலையில் இருப்பவருக்கு நல்லது. உனக்கு இப்போது வேண்டியது ஒரு பிரச்சினையோடு இரண்டு வருடம் வாழும் பழக்கம்.

ஆனால் போக முன் சிலதை விசாரித்துக்கொள். மேற்பார்வையாளரிடம் இப்போது படிக்கும் மாணவர்களுக்கும் முடித்துப் போனவர்களுக்கும் எழுது. எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு காலம் எடுத்தது, அவர் வரைவை வாசித்துத் திருத்தித் தருவாரா, மாணவர் பெயரை முன்னால் போடுவாரா என்று கேள். ஆய்வுகூடத்துக் கருவி இப்போது ஓடுகிறதா, “வரப்போகிறதா” என்று கேள். வரப்போகிற கருவிக்காக இளமையைக் காத்திருக்க வைக்கக்கூடாது.

ஆய்வுகூடத்தில் இரவில் தனியே நிற்காதே. கசிவைக் கண்டால் வேலையை நிறுத்து, எழுது, சொல். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நீ மறந்திருக்கமாட்டாய். அதில் நைத்திரிக்கு அமிலம் கசிவது தீ பிடிப்பதற்கு முன்னமே தெரிந்திருந்தது. கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கிய பிறகு அந்த அறிவால் யாருக்கும் பலனில்லை.

ஆறு மாதம், எட்டு மாதம் ஒன்றும் சரிவராத காலம் ஒன்று கட்டாயம் வரும். குளிரும் தனிமையும் அப்போதுதான் கூடத் தெரியும். அந்தக் காலத்தில் அம்மாவுக்கு வாரத்தில் ஒருநாளாவது எடுத்துக் கதை. கலியாணப் பேச்சு தள்ளிப்போகிறதே என்று அவளுக்குக் கவலை. அதை என்னிடம் விடு, தங்கச்சியோடு நான் கதைக்கிறேன்.

திரும்பி வருவாயா என்று ஊரில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கம்பர்மலை எங்களுக்குக் கிட்டடிதானே. அங்கே பிறந்த பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் மண்ணின் இயல்பை ஆய்ந்தார். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து அவர் 1963இல் எழுதிய கட்டுரையை மண்பொறியியல் படிப்பவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். பிறகு பேராதனையில் கற்பித்தார், யுத்தத்துக்கு நடுவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. உடம்பு எங்கே இருந்தாலும் கேள்வி எங்கே வேர்விட்டிருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இங்கே கேள்விகளுக்குக் குறைவில்லை. தோட்ட நிலத்துக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று இறங்கியிருக்கிறது. சுண்ணக்கல் நிலம் எதையும் தடுத்து வைக்காது. தாளையடியில் 2024இல் திறந்த நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கவென்று கட்டப்பட்டது. அதுவும் லோப்பும் சௌரிராஜனும் திறந்த வழிதான். பரந்தனில் உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த ஆலையையும், 1990 வரை ஓடிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் உங்கள் தலைமுறை சுவராகத்தான் கண்டது. இவற்றை எழுப்பவோ, இவற்றிலும் நல்லதைக் கட்டவோ தெரிந்தவர்கள் எங்களுக்கு வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பயணத்துக்கு முன் ஒரு கிழமை ஊருக்கு வா. இது கருப்பநீர் இறங்கும் காலம். சீவுகிறவரின் மகன் இப்போது அவருடைய தொழிலைச் செய்கிறார். அவர்கள் வீட்டில் காய்ச்சுகிறார்கள், அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன். காலையில் போய் விறகை நிறுத்துப் பார். கருப்பநீரை அள. தாச்சியில் எவ்வளவு தங்குகிறது என்று குறித்துக்கொள். உன் குறிப்புப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அந்த எண்கள் இருக்கட்டும். தராசைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டேன்.

என்றும் அன்புள்ள,
மாமா