காட்டு ஜெரானியம்

ஜெரானியம் என்றவுடன் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தொட்டிகளில் சிவப்பாகப் பூக்கும் செடியே நம் நினைவுக்கு வரும். தாவரவியலார் அதனைப் பெலார்கோனியம் என்பர். அதன் தாயகம் தென் ஆப்பிரிக்கா. நாங்கள் இங்குக் கூற விரும்புவது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், மரநிழலில் வளரும் காட்டு ஜெரானியம் பற்றியே.

இச்செடி சுமார் இரண்டடி உயரம் வளரும். வசந்த காலத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஐந்திதழ்ப் பூக்கள் மலரும். காய் கொக்கின் அலகுபோல் நீண்டிருக்கும். கிரேக்க மொழியில் ‘கெரானோஸ்’ என்றால் கொக்கு. பெயர்க் காரணம் இதுவே. காய் உலர்ந்ததும் அலகு ஐந்தாகப் பிளந்து மேல்நோக்கிச் சுருண்டு, விதைகளைத் தொலைவில் வீசும். நம் காசித்தும்பைக் காய் வெடிப்பதை இதனுடன் ஒப்பிடலாம். ஆகையால் விதை வேண்டுவோர், காய் கறுக்கத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுவர்.

விதையை முற்றியவுடன் இலைமக்கு கலந்த மண்ணில் விதைத்து, மெல்லிய மண்ணால் மூடி, குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே விடவேண்டும். பனிக்கு முன் முளைத்தால் இளங்கன்று மடிந்துவிடும். எனவே குளிர் கழிந்த பின்னரே விதை விழிக்கிறது. முதலாண்டில் பெரும்பாலும் இலைகளே தோன்றும். பூக்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குளிர்காலம் இல்லாத நம் சமவெளிக்கு இச்செடி ஏற்றதன்று.

இதன் கிழங்கில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி. கடுக்காயைக் கடித்தால் நாக்குச் சுருங்குவதும் டானினால்தான். அமெரிக்கப் பழங்குடியினர் கிழங்கைக் காய்ச்சி, வாய்ப்புண்ணுக்குக் கொப்பளித்தனர்; வயிற்றுப்போக்கிற்குப் பருகினர்; குருதி கசியும் காயத்தில் பொடியைத் தூவினர். டானின் திசுப் புரதத்துடன் சேர்ந்து மேற்பரப்பை இறுகச் செய்கிறது.

எனினும் அளவு மிஞ்சினால் டானின் வயிற்றைக் கெடுக்கும்; உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது நீரும் உப்பும் இழக்கப்படுவதே. எந்த மூலிகையாலும் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

தோழியரே! மருந்து கிழங்கில் உள்ளது; கிழங்கை முழுவதும் தோண்டினால் செடியே அழியும். அதனால்தான் அறிந்தோர் காட்டுச் செடியைத் தொடாது, விதையிட்டு வளர்த்து, கிழங்கு எடுக்கும்போதும் மொட்டுள்ள ஒரு துண்டை மீண்டும் நடுகின்றனர். நம் ஊர் மூலிகைகளுக்கும் இவ்வழி பொருந்தும். எடுப்பதற்கு முன் விதைப்போம்!