வடுகபட்டியின் இளம் ஓட்ட வீரருக்கு: டெஃப்லிம்பிக்ஸ் போகும் வழி



காது கேளாத வீரர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டி டெஃப்லிம்பிக்ஸ். 1924 ஆகஸ்டில், 9 நாடுகளின் 148 பேரோடு பாரிஸில் தொடங்கியது. பாராலிம்பிக்கை விட 36 ஆண்டு மூத்தது. பாராலிம்பிக்கில் செவித்திறன் குறைபாட்டுக்கெனப் பிரிவு கிடையாது. பெயர்க் குழப்பத்தில் பாராலிம்பிக் தேர்வுக்கு அலைந்தால் ஒரு பருவமே வீணாகும்.

முதல் வேலை, கேட்கும் திறனை அளந்து காட்டும் ஆடியோகிராம் எடுப்பது. நன்றாகக் கேட்கும் காதிலும் கேட்பிழப்பு சராசரியாக 55 டெசிபலுக்குக் குறையாமல் இருந்தால்தான் தகுதி. கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதைப் பற்றி விசாரிக்கலாம். களத்தில் காது மெஷின் அணியக் கூடாது; காக்ளியர் கருவியின் வெளிப்பகுதியையும் கழற்றிவிட வேண்டும். அன்றாடம் மெஷினோடு இருப்பவர், அது இல்லாமலே பயிற்சி செய்து பழகுவது நல்லது.

ஓட்டத்தின் தூரமோ விதியோ இங்கே மாறுவதில்லை. ஒலி இருந்த இடத்தில் ஒளி வருகிறது, அவ்வளவுதான். ஸ்டார்ட்டிங் பிளாக்குக்கு முன்னால், தரையில் சிறிய விளக்கு இருக்கும். சிவப்பு எரிந்தால் இடத்தில் அமர வேண்டும். மஞ்சளுக்கு இடுப்பை உயர்த்த வேண்டும். பச்சைக்குப் பாய வேண்டும். தலையை அதிகம் கவிழ்த்தால் விளக்கு தெரியாது, அதிகம் நிமிர்த்தினால் கழுத்து இறுகும். விரல்களுக்குச் சற்று முன்னால் பார்வை விழும்படி தலையை வைக்கப் பழகுவதே பாதிப் பயிற்சி. விளக்கு இல்லாத ஊரில் செல்போன் டார்ச்சைத் தரையில் வைத்து, நண்பர் ஒருவர் கையால் மறைத்துத் திறந்தால் போதும். ஒவ்வொரு முறையும் அவர் வெவ்வேறு நேரம் காக்க வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கால் விளக்கைப் பார்க்காமல் கணக்குப் போட்டுக் கிளம்பும்.

துப்பாக்கி வெடித்துத் தொடங்கும் உள்ளூர்ப் போட்டிகளில் பக்கத்து வீரரின் அசைவைப் பார்த்துக் கிளம்ப வேண்டியிருப்பதால், தொடக்கத்திலேயே நேரம் போய்விடும். அங்கே வாங்கும் இடத்தைத் திறமையின் அளவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தப் போட்டிகளைத் தவிர்ப்பதும் தவறு. வேகமான எதிராளிகள் அங்கேதான் கிடைப்பார்கள்.

காது கேளாமலே உலக மேடையை எட்டலாம் என்பதற்கு, மதுரையின் பேட்மின்டன் வீராங்கனை ஜெர்லின் அனிகா அருகிலுள்ள சான்று. 2022 மே மாதம் பிரேசிலின் காஷியாஸ் டோ சுல் நகரில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில், பேட்மின்டன் ஒற்றையர், கலப்பு இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அவ்வாண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். பேட்மின்டனில் இறகுப்பந்து மட்டையில் படும் சத்தமே அடியின் வேகத்தைச் சொல்லிவிடும். அது கேட்காதவர் எதிராளியின் மணிக்கட்டைப் பார்த்து முன்கூட்டியே நகர வேண்டும். அந்தப் பிரேசில் டெஃப்லிம்பிக்ஸில் இந்தியா 8 தங்கம் உட்பட 16 பதக்கங்களும், 2025 நவம்பரில் டோக்கியோவில் 9 தங்கம் உட்பட 20 பதக்கங்களும் வென்றது.

இந்திய அணிக்கு வழி, மாநிலக் காது கேளாதோர் விளையாட்டு அமைப்பும், அகில இந்தியக் காது கேளாதோர் விளையாட்டுக் கவுன்சில் நடத்தும் தேசியப் போட்டிகளும்தான். அதற்குள் ஆடியோகிராம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருக்க வேண்டும். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்பதை இப்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.