குளியலறைத் தடுப்பும் குளிப்பின் சட்டமும்

கொல்லைப்புறத்தில் கிணற்றடி ஓரிடத்திலும், மலஜலம் கழிக்கும் இடம் அதற்கு எட்டத்திலும் இருந்த வீடுகள் நம் ஊர்களில் குறைந்துவிட்டன. இன்று இரண்டும் ஒரே சிறிய அறைக்குள் அடங்கிவிட்டன. இதனால் பேணுதலுள்ள சிலர் படும் பாடு கொஞ்சமன்று. கடமையான குளிப்பை முடித்த பின்னும், தரையில் பட்டுத் தெறித்த நீர் காலில் பட்டிருக்குமோ என்று மீண்டும் மீண்டும் கழுவுகிறார்கள். பஜ்ரு ஜமாஅத்தே தவறிப்போகிறது. இப்படிப்பட்டவர்கள் ஷவரைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு அமைக்கலாமா என்று கேட்கிறார்கள்.

முதலில் மஸ்அலாவை அறிந்துகொள்வோம். தரையில் நஜீஸ் இருப்பது உறுதியாகத் தெரியாதவரை அத்தரை சுத்தமானதே. உறுதி என்பது சந்தேகத்தால் நீங்காது என்பது புகஹாக்கள் ஒப்புக்கொண்ட அடிப்படை. ஆகவே தடுப்பு இல்லாத குளியலறையில் குளித்தவரின் குளிப்பு கூடாமல் போய்விடாது. தடுப்பு ஒரு வசதியேயன்றிக் கடமையன்று. கடன் வாங்கி அதை அமைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வசதியில் பொருள் இருக்கிறது. குளிக்குமிடத்தில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஊசலாட்டங்களில் பெரும்பாலானவை அதனால் உண்டாகின்றன என்ற காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள். அபூதாவூது, திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. இமாம் இப்னு மாஜா (ரஹ்) அவர்கள் இதனுடன் அலீ இப்னு முஹம்மது தனாபிஸீ (ரஹ்) அவர்களின் விளக்கம் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். நீர் தேங்கும் குழியான குளிப்பிடத்திற்கே இத்தடை. சுண்ணமும் கீலும் பூசிய தரையில் நீரை ஊற்றி ஓடவிட்டால் குற்றமில்லை என்பது அதன் கருத்து. நீர் நிற்கிறதா, ஓடுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதை அன்றே கவனித்திருக்கிறார்கள்!

ஆகவே கண்ணாடிக்கு விலை பேசுமுன் கொத்தனாரிடம் தரையின் வாட்டத்தைப் பேசுங்கள். தடுப்புக்குள் விழும் நீர் முழுவதும் தடுப்புக்குள் இருக்கும் ஓட்டை வழியாகவே வெளியேற வேண்டும். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் போதும். அதை ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுமுன் ஓட்டையை அடைத்து, ஒரு நாள் முழுவதும் நீரைத் தேக்கிவைத்துக் கசிகிறதா என்று பாருங்கள். வாட்டம் தவறிய தரையில் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி நிறுத்தினாலும் நீர் கதவின் அடியால் வெளியே வரும். பழைய சந்தேகமும் கூடவே வரும்.

அளவைப் பொறுத்தவரை மூன்றடிக்கு மூன்றடிக்குக் குறைய வேண்டாம். முதியோரைப் பிறர் குளிப்பாட்டும் வீடாயின் நான்கடியாவது வேண்டும். அங்கே வாசலில் திண்டு கட்டாமல், வாட்டத்தைக் கொண்டே நீரை நிறுத்துவது நல்லது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். குழாயின் திருகு கதவருகே எட்டும்படி இருந்தால், குளிர்நீரோ கொதிநீரோ தலையில் கொட்டுமுன் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி டஃபன்ட் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். அது உடைந்தால் கத்திபோன்ற துண்டுகளாகாமல் சிறு சிறு மணிகளாக உதிரும். 8 மில்லிமீட்டர் கனம் வீட்டுக்குப் போதும். பதமேற்றிய பின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே டைல்ஸ் வேலை முழுவதும் முடிந்த பிறகே அளவு கொடுங்கள். சட்டம் வைத்த தடுப்பாயின் சிலிகான் பசையைச் சட்டத்தின் வெளிப்புறம் இடுவதே வழக்கம். உட்புறமும் இட்டு அடைத்தால் சட்டத்துக்குள் புகுந்த நீர் திரும்ப வழியில்லாமல் தங்கிவிடும். பசை இறுக ஒரு நாள் விடுங்கள். இவ்வளவுக்கு வசதியில்லாதவர்கள் ஒரு கம்பியும் பிளாஸ்டிக் திரையும் மாட்டினாலே முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும்.

திரை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630), நாயகம் (ஸல்) அவர்கள் குளித்துக்கொண்டிருக்க, அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்கள் துணியால் மறைத்து நின்றதை உம்முஹானீ (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது உண்டு. மறைப்பு என்றால் இதுதான் மறைப்பு. தெளிந்த கண்ணாடி நீரை மறிக்கும்; பார்வையை மறிக்காது. மங்கலான கண்ணாடியிலும் பின்னால் விளக்கெரிந்தால் உடலின் உருவம் தெரியும். ஆகவே, "இடையில் கண்ணாடி இருக்கிறதே" என்று ஒருவர் குளிக்கும்போது மற்றவர் அதே அறையில் பல் துலக்க நுழைவது கூடாது. அறையின் கதவும் தாழ்ப்பாளுமே அவ்ரத்துக்குத் திரை. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் வைக்கும் ஹோட்டல் நாகரிகம் பிள்ளைகள் வளரும் வீட்டுக்கு உதவாது.

வேலை நடக்கும்போதே மலஜலம் கழிக்கும் பீங்கானின் திசையையும் பார்த்துவிடுங்கள். கட்டடத்துக்குள் கிப்லாவை முன்னோக்குவதும் பின்னோக்குவதும் ஹனபி மத்ஹபில் கூடாது. ஷாபிஈ மத்ஹபில் இதில் சலுகை உண்டு; எனினும் புதிதாக வைப்பவர் வடக்கு தெற்காக வைத்துவிட்டால் இரு சாராருக்கும் பேச்சில்லை.

தண்ணீர்ச் செலவு பற்றியும் கவனம் தேவை. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்திருக்கிறார்கள். ஒரு ஸாஉ சுமார் 3 லிட்டர். இன்றைய ஷவரோ நிமிடத்துக்கு 8, 10 லிட்டர் கொட்டிவிடும். அடியில் வாளியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து உங்கள் ஷவரை நீங்களே அளந்து பாருங்கள். சோப்புத் தேய்க்கும்போது மூடிவிட்டு மீண்டும் திறப்பதற்குத் தோதான திருகாக வாங்குங்கள். வாளியும் சொம்பும் வைக்கத் தடுப்புக்குள் ஒரு மூலையும் விட்டுவையுங்கள். மின்சாரம் நின்று மேல்தொட்டி காலியான நாளில் அதுதான் கைகொடுக்கும்.