மேல்கோட்டை: கதையும் கல்வெட்டும்

கேள்வி: வயதான மாமியாரோடு மேல்கோட்டைக்குப் போகவிருக்கிறோம். ராமானுஜர் அங்கே வந்து ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனை வைணவனாக்கினார், அதன்பின் அவன் சமணர்களை ஒடுக்கினான் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: பாதி உண்மை. சோழ அரசனின் நெருக்கடியால் ஸ்ரீரங்கத்தை விட்டு வந்த ராமானுஜர் யதுகிரி எனப்படும் மேல்கோட்டையில் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்பது குருபரம்பரை மரபு. மன்னன் 1117-இல் பேலூரில் சென்னகேசவருக்குக் கோயில் எடுத்ததும் உறுதி. ஆனால் சமணர்களை ஒடுக்கினான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவனுடைய பட்டத்தரசி சாந்தலை கடைசிவரை சமணராகவே வாழ்ந்தார். 1123-இல் சிரவணபெளகொளாவில் அவர் ஒரு பசதியே கட்டினார். பகைமை இருந்திருந்தால் அரண்மனையிலிருந்து அந்தத் திருப்பணி நடந்திருக்குமா?

உற்சவர் செல்வப்பிள்ளையை ராமானுஜர் டெல்லி சுல்தானிடமிருந்து மீட்டு வந்தார் என்ற கதையையும் அங்கே கேட்பீர்கள். டெல்லி சுல்தானிய ஆட்சி தொடங்கியது 1206-இல். ராமானுஜர் 1137-இல் பரமபதித்தார் என்பது மரபு. மாலிக் காஃபூரின் படை 1311-இல் ஹொய்சளத் தலைநகர் துவாரசமுத்திரம்வரை வந்தது. அந்தக் காலத்து அச்சமும் இழப்பும் பின்னாளில் கதைக்குள் கலந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காகக் கதையை ஒதுக்கிவிடாதீர்கள். செல்வப்பிள்ளையைப் பிரிய முடியாமல் பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகளைப் பீபி நாச்சியாராக மேல்கோட்டைக் கோயில் இன்றும் வணங்குகிறது. ஒரு முஸ்லிம் பெண்ணைத் தாயாராக ஏற்ற மனம் அந்த ஊருக்கு இருந்திருக்கிறது!

அதைவிடவும் நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. உற்சவரைக் கொண்டுவர உதவிய தாழ்த்தப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில் கோயிலுக்குள் வரும் உரிமையை ராமானுஜர் அளித்தார் என்கிறது மரபு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-இல்தான். மேல்கோட்டையில் கிடைத்தது சில நாட்களுக்கான உரிமைதான், முழுச் சமத்துவம் அல்ல. ஆனாலும் அந்தக் காலத்தில் அது துணிச்சலான செயல்.

மலையுச்சி யோக நரசிம்மரைச் சேவிக்க நிறையப் படி ஏற வேண்டும். மாமியாருக்கு ஊருக்குள் இருக்கும் செலுவநாராயணர் கோயிலும் கல்யாணிக் குளமும் போதும். நீங்கள் ராயகோபுரத்தையும் பார்த்துவிடுங்கள். முடிக்கப்படாமலே நிற்கும் அந்தத் தூண்கள் பிரமிக்க வைக்கும். பங்குனியில் மண்டியா கருவூலத்திலிருந்து வைரமுடி வரும் இரவில் கூட்டம் நெரியும். முதியவரோடு அந்த நாளில் போக வேண்டாம்.