கொதிக்கிற தண்ணீரில் எது அறுபடுகிறது?

நம்பிக்கை: தண்ணீர் கொதித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துபோகிறது.

அப்படிப் பிரிந்திருந்தால், அந்த வாயுக் கலவை வெடித்து, இட்லிப் பானை ஏற்றிய அடுப்படி ஒன்றாவது மிஞ்சியிருக்குமா? மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஆவியும் தண்ணீர்தான். 18 கிராம் தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க ஏறக்குறைய 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்திருக்கும் பிணைப்புகளை எல்லாம் அறுக்க 900 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். கொதிக்கும்போது விட்டுப்போவது ஒரு மூலக்கூறு இன்னொன்றைப் பிடித்திருக்கும் பிடி மட்டுமே. அந்தப் பிடிக்குப் போய் 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்று பெயர் வைத்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பேன்.

நம்பிக்கை: ஹைட்ரஜன் இருந்தால் ஹைட்ரஜன் பிணைப்பும் இருக்கும்.

மீத்தேனில் நான்கு ஹைட்ரஜன் உண்டு, அந்தப் பிணைப்பு கிடையாது. ஹைட்ரஜன் நேரடியாக நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் மூன்றில் ஒன்றோடு சேர்ந்திருக்க வேண்டும். நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனில் ஆக்சிஜன் இருந்தும், ஹைட்ரஜன் எல்லாம் கார்பனிடம்தான் இருக்கின்றன.

நம்பிக்கை: லண்டன் விசை நோஞ்சான், வேறெதுவும் இல்லாதபோதுதான் அதற்கு மதிப்பு.

விடைத்தாள்களில் அதிக மதிப்பெண்ணைத் தின்பது இதுதான். ஹைட்ரஜன் குளோரைடு −85 டிகிரியில் கொதிக்கும், புரோமைடு −67, அயோடைடு −35. முனைவை, அதாவது மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப், பார்த்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அயோடைடின் முனைவு குளோரைடுடையதில் பாதிகூட இல்லை. ஆனால் குளோரைடு மூலக்கூறில் 18 எலக்ட்ரான், அயோடைடில் 54. எலக்ட்ரான்கள் ஒரு கணம் ஒரு பக்கம் ஒதுங்கினால் பக்கத்து மூலக்கூறிலும் அது எதிரொலிக்கும்; அந்த நொடிநேர ஈர்ப்பைத்தான் 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் விளக்கினார். ஆள் பெருத்தால் பிடியும் பெருக்கும். முனைவே இல்லாத கார்பன் டெட்ராகுளோரைடு 77 டிகிரியில் கொதிக்கிறது. முனைவுள்ள குளோரோஃபார்ம் 61லேயே கொதித்துவிடுகிறது! அயோடின் அறை வெப்பத்தில் திண்மமாக இருப்பதும், மெழுகுவத்தி நிமிர்ந்து நிற்பதும் இந்த நோஞ்சானின் தயவால்தான்.

அப்படியானால் முனைவுக்கு வேலையே இல்லையா? உண்டு. எடை ஒத்த மூலக்கூறுகளை ஒப்பிட்டால் தெரியும்: சமையல் வாயுவில் உள்ள பியூட்டேன் சுமார் 0 டிகிரி, அசிட்டோன் 56, புரோப்பன்-1-ஆல் 97. மூன்றும் ஏறக்குறைய ஒரே எடை. இங்கே முடிவு சொல்வது முனைவும் ஹைட்ரஜன் பிணைப்பும். அதனால்தான் விசைகளின் தரவரிசையை மனப்பாடம் செய்யாதே, முதலில் ஆளின் அளவைப் பார் என்று மாணவர்களிடம் சொல்கிறேன்.

நம்பிக்கை: சகப்பிணைப்புச் சேர்மம் எதுவானாலும் எளிதில் உருகிவிடும்.

கார்பன் டைஆக்சைடு −78 டிகிரியிலேயே திண்மத்திலிருந்து நேராக வாயுவாகிறது. மணலில் உள்ள சிலிக்கன் டைஆக்சைடு உருக 1,700 டிகிரி வேண்டும். இரண்டிலும் சகப்பிணைப்புதான். ஆனால் மணல் துகளில் தனித்தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை. துகள் முழுக்க ஒரே வலை. மூலக்கூறுகளுக்கு இடையே என்ன விசை என்று அங்கே கேட்கவே இடமில்லை.